நாற்பத்தெட்டு வெள்ளிப் பேனா

இடது கையின் சுண்டுவிரல் நுனியில் தொடங்கி, உள்ளங்கையின் ஓரம் வழியே மணிக்கட்டு எலும்பு வரைக்கும் ஒரே நீலம். சவர்க்காரம் போட்டுத் தேய்த்தால் நுரைதான் நீலமாகும், கை அப்படியே இருக்கும். அம்மா எலுமிச்சம்பழ மூடியில் உப்பைத் தொட்டு அந்த இடத்தைத் தேய்த்தபோது எரிந்த எரிச்சலும், குளியலறைத் தரையில் வளைந்து ஓடிய இளநீலத் தண்ணீரும் எனக்கு இன்னும் மறக்கவில்லை. இப்போதும் யாராவது புதுப் பேனாவின் மூடியைக் கழற்றினால், மை வாடைக்கு முன்னால் எலுமிச்சை வாடைதான் என் மூக்குக்கு வருகிறது. கிள்ளானில், 'தாமான்' எனும் குடியிருப்பில் இருந்த எங்கள் வீட்டில், நான் ஆறாம் வகுப்பு அரசாங்கத் தேர்வு எழுதிய வருடத்து நீலம் அது. அந்த நீலத்தின் விலை நாற்பத்தெட்டு வெள்ளி.

எங்கள் நாட்டுப் பணமான ரிங்கிட்டை 'வெள்ளி' என்றும் அதன் சில்லறையைக் 'காசு' என்றும் சொல்வது எங்கள் வழக்கம்; பேச்சின் நுனியில் ஒரு 'லா' ஒட்டிக்கொள்வதும் அப்படித்தான். அன்றைக்கு ஒரு சாதாரணப் பேனா நாற்பது காசு. அப்படியிருக்க, ஒரு பேனாவுக்கு நாற்பத்தெட்டு வெள்ளி கொடுக்கலாமா என்ற கேள்வியை எங்கள் வீட்டில் முதலில் எழுப்பியவர் அம்மா. இப்போது கைப்பேசியைத் திறந்தால் யார் யாரோ விலை உயர்ந்த பேனாக்களை மேசையில் வரிசையாக வைத்து, இது கொடுத்த காசுக்குத் தகுமா, அது தகுமா என்று மணிக்கணக்கில் பேசுகிறார்கள். நானும் உட்கார்ந்து பார்க்கிறேன். அவர்கள் சொல்வதில் முக்கால்வாசியை அம்மா அன்றைக்கே, கையில் கரண்டியோடு, ஒரே மூச்சில் சொல்லிவிட்டார்.

அப்பா கிள்ளான் துறைமுகத்தில் கொள்கலன் லோரி ஓட்டினார். 'போர்ட்டில்' ஏற்றிய பெட்டியை ஷா ஆலத்திலோ சுபாங் ஜெயாவிலோ உள்ள தொழிற்சாலைகளில் இறக்கிவிட்டு, சரக்கு வந்து சேர்ந்ததற்கான தாளில் கையெழுத்துப் போட வேண்டும். அந்தத் தாளுக்கு அடியில் கார்பன் வைத்து இன்னும் இரண்டு தாள்கள் இருக்கும். மூன்றாவது தாளிலும் பெயர் விழ வேண்டுமானால் பேனாவைப் பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்த வேண்டும். அப்பா தம் வாழ்நாளில் எழுதியது பெரும்பாலும் தம் பெயரைத்தான். அதையும் ஆணி அடிப்பதைப் போலத்தான் எழுதினார். ஒருநாள் அப்பாவின் பேனா நின்றுபோக, ஒரு தொழிற்சாலை மேலாளர் சட்டைப் பையிலிருந்த தம்முடைய பேனாவை எடுத்து நீட்டியிருக்கிறார். அன்று மாலை அப்பா சட்டையைக்கூடக் கழற்றாமல் என்னைக் கூப்பிட்டுச் சொன்னது இதுதான்: "அழுத்தவே வேணாம் பாப்பா. காகிதத்துல வச்சா போதும், அதுவா ஓடுது. நம்ம கை சும்மா கூடப் போனாப் போதும் லா."

அழுத்தாமல் எழுதியதால் கார்பனில் ஒன்றும் விழவில்லை என்பதையும், மறுபடி ஒரு சாதாரணப் பேனாவில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள் என்பதையும் அம்மா கேட்டுக் கேட்டுத்தான் வரவழைத்தார். அப்பாவுக்கு அது ஒரு பொருட்டாகவே படவில்லை. கெட்டியான பசை மைக்குப் பதிலாகத் தண்ணீர்போல் நீர்த்த மையை ஒரு சிறு உருண்டை உருட்டிவிடும் அந்த வகைக்கு 'ரோலர்பால்' என்று பெயர் என்பதை மேலாளரிடமே கேட்டுத் தெரிந்துகொண்டு வந்திருந்தார். எனக்கு அரசாங்கத் தேர்வு வர மூன்று மாதம் இருந்தது. அப்பா யாருக்காக அந்தப் பெயரைக் கேட்டு வந்தார் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

இங்கே என் கையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நான் இடது கைக்காரி. முதலாம் வகுப்பில் டீச்சர் பென்சிலை என் இடது கையிலிருந்து பிடுங்கி வலது கையில் வைத்து வைத்துப் பார்த்தார். பிள்ளைகள் என்னைப் 'பீச்சாங்கை' என்று கூப்பிட்டார்கள். நான் அழுதுகொண்டு வீட்டுக்கு வந்த மறுநாள், அப்பா லோரியின் தலைப்பகுதியை மட்டும் ஓட்டிக்கொண்டு வந்து பள்ளி வாசலை அடைத்து நிறுத்திவிட்டு, தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வகுப்புக்கு வந்தார். "டீச்சர், அவ சாப்புடுறது சோத்துக் கையிலதான். எழுதுறது எந்தக் கையில எழுதினா என்ன, எழுத்து நல்லாருக்கான்னு மட்டும் பாருங்க" என்றார். குரலை உயர்த்தவில்லை. அதற்குப் பிறகு என் பென்சிலை யாரும் இடம் மாற்றவில்லை.

அதனால் அந்தப் பேனா வெறும் பேனா அல்ல. ஊரெல்லாம் குறை சொன்ன கைக்கு அப்பா வாங்கிக் கொடுத்த மரியாதை அது. இரண்டு ஞாயிற்றுக்கிழமை கூடுதலாக ஓட்டிவிட்டு, மூன்றாவது ஞாயிறு என்னைக் கிள்ளான் கடைத்தெருவுக்கு அழைத்துப் போனார். கருநீல உடம்பும் வெள்ளிநிறக் கொக்கியும் கொண்ட அந்தப் பேனாவின் மூடியை இழுத்தால் 'டொக்' என்று ஒரு சத்தம் வரும். நகைப்பெட்டி போன்ற ஒரு பெட்டியில் வெல்வெட்டின்மேல் படுத்திருந்தது. கடைக்காரர் கொடுத்த துண்டுக் காகிதத்தில் அப்பா தம் கையெழுத்தை இருபது முறையாவது போட்டிருப்பார். காகிதம் நிறைந்து, பின்பக்கமும் நிறைந்தது.

"பாப்பாவும் எழுதிப் பாக்கட்டும் அண்ணே" என்று கடைக்காரர் பேனாவை என் பக்கம் நீட்டினார். அப்பா கையைக் குறுக்கே வைத்துத் தடுத்தார். "சாமிகிட்ட வச்சிட்டுத்தான் அவ தொடணும்."

எங்கள் பக்கத்தில் இது ஒரு வழக்கம். தேர்வுக்கு முன்னால் கோயிலில் பிள்ளைகளுக்காகத் தனிப் பூசை நடக்கும்; பேனா, பென்சில், அழிப்பான், அடிக்கோல் எல்லாவற்றையும் ரப்பர் வளையம் போட்டுக் கட்டி, பெயர்ச்சீட்டுச் செருகி, தாம்பாளத்தில் வைக்க வேண்டும். அவை சரசுவதியின் காலடியில் இருந்துவிட்டுக் குங்குமப் பொட்டோடு திரும்பி வரும். பூசைக்கு முன்னால் அவற்றால் எழுதக்கூடாது என்பது அப்பாவாகச் சேர்த்துக்கொண்ட சட்டம். அந்தச் சட்டப்படி பேனா மூன்று வாரம் எங்கள் வீட்டுச் சாமி மேடையில், பெட்டியோடு, யாரும் தொடாமல் இருந்தது. அம்மா விளக்கேற்றப் போகும்போதெல்லாம் அதைப் பார்த்துவிட்டு வந்து சமையலறையில் இரைவார்.

"நாப்பத்தெட்டு வெள்ளி! அந்தக் காசுக்கு அதுவா உக்காந்து பரீட்சை எழுதுமா? நூறு பேனா வாங்கி ஸ்கூலுக்கே குடுக்கலாம் லா. தொலைஞ்சிதுன்னா? கீழ விழுந்து மூக்கு ஒடைஞ்சிதுன்னா? மை முடிஞ்சா அதுக்கு வேற தனியா ஒரு வெல!" அம்மா கையுறைத் தொழிற்சாலையில் நின்றுகொண்டே எட்டு மணி நேரம் வேலை செய்துவிட்டு வருபவர், அவருடைய கோபம் நியாயமான கோபம். அப்பா தட்டில் இருந்த கருவாட்டை நிதானமாக முள் நீக்கிக்கொண்டிருப்பார்.

பூசை நாளில் தாம்பாளம் முழுக்க ரப்பர் வளையம் போட்ட கட்டுகளுக்கு நடுவே எங்கள் பெட்டி மட்டும் மினுங்கியது. குருக்கள் பதறிப்போய், "யாரோடது இது? நகையெல்லாம் தட்டுல வைக்காதீங்கோ!" என்றார். அப்பா கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய்ப் பெட்டியைத் திறந்து காட்டினார். அன்றைக்கு அவர் முகத்தில் இருந்த பெருமையை அதற்குப் பிறகு என் பட்டமளிப்பு விழாவில்தான் பார்த்தேன். வீட்டுக்கு வந்ததும் ஒரு புதுத் தாளை விரித்து, "ஒரே ஒரு பிள்ளையார் சுழி மட்டும் போடு, மத்தது பரீட்சைக்கு" என்றார். நான் பேனாவை வைத்தேன். அழுத்தாமலே 'உ' என்று ஓடி முடிந்தது, ஈரம் பளபளத்தது. பக்கத்து வீட்டார்கூட வந்து பார்த்துப் போனார்கள். ஒற்றை எழுத்து எழுதிவிட்டுக் கையைத் தூக்கியதால் எதுவும் தெரியவில்லை.

தெரிந்தது தேர்வு மண்டபத்தில். தமிழ்க் கட்டுரைத் தாள். முதல் வரியை எழுதி, இரண்டாம் வரிக்கு வந்து பார்த்தால் முதல் வரி முழுக்க மேகம் கலைந்த மாதிரி இழுபட்டிருந்தது. வலது கைக்காரர்களின் கை எழுத்துக்கு முன்னால் ஓடும். இடது கைக்காரர்களின் கை, எழுதிய எழுத்தின் மேலேயே ஏறி வரும். நாற்பது காசு பேனாவின் பசை மைக்கு அது ஒரு பொருட்டில்லை. இந்த மை தண்ணீர். தாளைச் சாய்த்து எழுதிப் பார்த்தேன், மணிக்கட்டை வளைத்துப் பார்த்தேன், ஊதி ஊதிக் காயவைத்துப் பார்த்தேன்; கையைத் தூக்கிப் பிடித்தால் எழுத்து ஆடியது. அரைப் பக்கம் பாழானபோது என் கண்ணீரும் சேர்ந்து விழ, இருந்த எழுத்தும் கரைந்தது. பென்சில் பெட்டியைத் துழாவினேன். அடியில், நான் வைக்காத ஒரு நாற்பது காசு பேனா இருந்தது. அம்மா போட்டிருக்கிறார். புதுத் தாள் கேட்டு வாங்கி முதலிலிருந்து எழுதினேன்.

வெளியே வந்தால் பள்ளி வாசலில் லோரியின் தலை நிற்கிறது. அப்பா அன்றைக்கு ஓட்டம் வேண்டாமென்று சொல்லிவிட்டுக் காலையிலிருந்து அங்கேயே இருந்திருக்கிறார். "பேனா எப்படி ஓடுச்சு பாப்பா?" என்றார். நான் எப்படி எழுதினேன் என்றுகூடக் கேட்கவில்லை. உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் என் இடது கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்துவிட்டார். சுண்டுவிரலிலிருந்து மணிக்கட்டு வரை நீலம்.

"அடேங்கப்பா! இவ்வளவு எழுதினியா?" என்று அந்தக் கையைத் தூக்கிப் பிடித்து, அங்கே நின்ற மற்ற பிள்ளைகளின் அம்மா அப்பாக்களுக்கெல்லாம் காட்டினார். ஒரு பந்தயத்தில் ஜெயித்தவளின் கையைத் தூக்குவது போலத்தான் தூக்கினார். நான் "நல்லா ஓடுச்சுப்பா" என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்? வழியில் தண்ணீர்க்குழாயைப் பார்த்துக் கை கழுவப் போனவளைத் தடுத்து, "கழுவாதே, சாயங்காலம் வரைக்கும் இருக்கட்டும்" என்றார். அந்தக் கையோடு என்னைக் கடைத்தெரு முழுக்க அழைத்துப் போய் பனித்துருவலில் பாகு ஊற்றிய ஐஸ் கச்சாங் வாங்கிக் கொடுத்தார். நான் வலது கையால் சாப்பிட்டேன், இடது கை மேசைமேல் பார்வைக்கு இருந்தது.

சாயங்காலம் எலுமிச்சம்பழ மூடியோடு அம்மா என்னைக் குளியலறைக்குள் இழுத்துப் போனார். தேய்த்துக்கொண்டே வந்தவர் ஒரு இடத்தில் நிறுத்தி, நீலம் எங்கெங்கே இருக்கிறது என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார். பேனா பிடிக்கும் விரல்களில் இல்லை, ஓரம் முழுக்க மட்டும் இருந்தது. என் முகத்தைப் பார்த்தார். நாற்பத்தெட்டு வெள்ளியைப் பற்றி ஏதாவது சொல்லப் போகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவர் தண்ணீரைத்தான் அள்ளி ஊற்றினார். மறுநாள் என் பென்சில் பெட்டியின் அடியில் இரண்டு நாற்பது காசு பேனாக்கள் இருந்தன.

தமிழ்க் கட்டுரைக்கு 'ஏ' வந்தது. அப்பா அந்தச் செய்தியைத் தாமானில் சொல்லாத வீடில்லை. "பேனாவுக்குக் குடுத்த காசு வந்துருச்சு" என்று அம்மாவைப் பார்த்துச் சொன்னார். மூன்று மாதமாக அந்தப் பேனாவைத் திட்டித் தீர்த்த அம்மாவுக்கு அதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது. அவர் "ஆமா, ஆமா" என்று துணி மடிக்கப் போய்விட்டார். பன்னிரண்டு வயதில் எனக்கு அது விளங்கவில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு தேர்வுக்கும் அந்தப் பேனா என்னோடு வந்தது. இடைநிலைப் பள்ளியின் படிவம் மூன்று, படிவம் ஐந்து, பிறகு பல்கலைக்கழகம் வரைக்கும் மேசையின் வலது ஓரத்தில் மூடியோடு படுத்திருக்கும். நான் இடது கையில் மலிவுப் பேனாவால் எழுதுவேன். அப்பா ஒவ்வொரு தேர்வுக்கு முன்னும் புது மைக்குழல் வாங்கி வந்துவிடுவார். பழையது தீர்ந்திருந்தால்தானே அவருக்குத் திருப்தி? அதனால் அறையைச் சாத்திக்கொண்டு, பழைய செய்தித்தாள்களின் ஓரமெல்லாம் வலது கையால் வட்டம் வட்டமாகப் போட்டு மையைத் தீர்ப்பேன். ஒரு பொய்யைக் காப்பாற்ற எவ்வளவு மை செலவாகும் என்று எனக்குத் துல்லியமாகத் தெரியும்.

இப்போது எனக்கு நாற்பதைத் தாண்டிவிட்டது. சுபாங் ஜெயாவில் வீடு, பங்சாரில் வேலை. பேனாவால் எழுதும் தேவையே வாரத்துக்கு ஒருமுறைதான் வருகிறது. அந்த ஆறாம் வகுப்புத் தேர்வை அரசாங்கமே எடுத்துவிட்டது. கிள்ளானில் பேனா வாங்கிய கடையில் கைப்பேசி உறைகள் தொங்குகின்றன. அப்பாவின் லோரியும், மூன்று தாள் கார்பனும், என்னைப் 'பீச்சாங்கை' என்று கூப்பிட ஆளும் இல்லை. பேனா மட்டும் இருக்கிறது. கருநீலம் ஓரங்களில் தேய்ந்திருக்கிறது, மூடி இன்னும் 'டொக்' என்கிறது.

சென்ற ஆண்டு அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. உயிர் பிழைத்தார், பேச்சும் திரும்பியது, வலது கை திரும்பவில்லை. இடது கையால் எழுதப் பழகச் சொன்னார் மருத்துவமனையில் பயிற்சி தரும் பெண். அப்பா இரண்டு நாள் முயன்றுவிட்டுத் தாளைத் தள்ளிவிட்டார். அழுத்த வலு இல்லாததால் எழுத்தே விழவில்லை. "பேரக்கூட எழுத முடியலைன்னா அப்புறம் என்னம்மா" என்று சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். பிறகு அவரே திரும்பி, "அழுத்தாம எழுதுமே, ஒன் பரீட்சைப் பேனா, அது இருக்கா?" என்று கேட்டார்.

இருந்தது, மைக்குழல்தான் காய்ந்து கிடந்தது. பிரிக்ஃபீல்ட்ஸில் எழுதுபொருள் கடை வைத்திருக்கும், மூக்குக்கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிட்ட ஓர் ஆன்டி, பேனாவைப் பிரித்துப் பார்த்து அதே அளவுக் குழலை எடுத்து வைத்தார். "நல்ல பாடி இது. இப்ப வாங்கினா பத்து மடங்கு வெல சொல்வாங்க. யாருக்கு?"

"அப்பாவுக்கு. எடது கையில எழுதப் பழகுறாரு."

ஆன்டி குழலைத் திரும்ப எடுத்துக்கொண்டார். "அப்ப இது வேணாம்மா. இந்த மை காய நேரமாகும், கையெல்லாம் இழுத்துடும். ஒடனே காயிறது இருக்கு, நாலு வெள்ளிதான். அதுவும் வழுக்கிக்கிட்டுத்தான் போகும்." முப்பது ஆண்டுகளுக்கு முன் யாரும் சொல்லாததை அவர் ஒரு நிமிடத்தில் சொல்லிவிட்டார். அந்த நாலு வெள்ளிப் பேனாவை வாங்கிப் போனால் அப்பா எழுதவும் எழுதுவார், என் பொய்யும் பத்திரமாக இருக்கும். அதைக் கையில் எடுத்துக்கூடப் பார்த்தேன். ஆனால் அப்பா சுவரிலிருந்து முகத்தைத் திருப்பிக் கேட்டது அந்தப் பேனாவைத்தான்.

"அவர் கேட்டது இதைத்தான் ஆன்டி."

"சரி, ஒன் இஷ்டம். கை அழுக்காவும், சொல்லிட்டேன்."

ஞாயிற்றுக்கிழமை காலை, கிள்ளான் வீட்டில், நாள்காட்டித் தாளைத் திருப்பிப் போட்டு அப்பாவின் இடது கையில் பேனாவை வைத்தேன். அழுத்தவே இல்லை. பேனா ஓடியது, கோணல்மாணலாக, ஆனால் பளிச்சென்று, அந்தப் பழைய நீலத்தில் அவர் பெயர் விழுந்தது. சிரித்தார். இரண்டாவது முறை எழுதினார், மூன்றாவது முறை எழுதினார். அடுத்த வரிக்குப் போகும்போதுதான், எழுதிய பெயரெல்லாம் இழுபட்டிருப்பதைப் பார்த்தார். பிறகு கையைத் திருப்பிப் பார்த்தார். சுண்டுவிரலிலிருந்து மணிக்கட்டு வரை நீலம்.

நிமிர்ந்து என் இடது கையைப் பார்த்தார். "அன்னிக்கு ஒனக்கும் இப்படித்தான் ஆச்சா?"

"ஆமாப்பா."

"அப்ப எதுல எழுதினே?"

நான் பதில் சொல்வதற்குள் சமையலறையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "நாப்பது காசுப் பேனாவுல. நான்தான் போட்டு வச்சேன்." முப்பது வருடம் கையில் வைத்திருந்த வெற்றியை அம்மா அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார்.

அப்பா கோபப்படவில்லை. "கடையில இருவது தடவ எழுதிப் பாத்தேன்" என்றார் மெல்ல. "ஒரு தடவகூட எடது கையில எழுதிப் பாக்கணும்னு தோணலையேம்மா." அவர் கண் கலங்கிவிட்டது. ஒரு டீச்சரிடம் போய் என் கைக்காக வாதாடிய மனிதர் அவர். அந்தக் கைக்காக வாங்கியதை அந்தக் கையால் பார்க்காமல் போனோமே என்று இத்தனை வருடம் கழித்துக் கலங்குகிறார். பேனா கொடுத்த விலைக்குத் தகுமா தகாதா என்று யார் கேட்டாலும் இனி என்னால் நியாயமாகத் தீர்ப்புச் சொல்ல முடியாது. "இப்ப பாத்துட்டீங்கல்லப்பா" என்றேன்.

அம்மா எலுமிச்சம்பழ மூடியும் உப்புமாக வந்து அப்பாவின் கையை இழுத்தார். நான் நடுவில் கையை வைத்துத் தடுத்தேன். அப்பாவின் இடது கையைத் தூக்கிப் பிடித்து, "கழுவாதீங்கம்மா, சாயங்காலம் வரைக்கும் இருக்கட்டும்" என்றேன்.